படம் ஒருமுறை போகட்டும், புரொஜெக்ட் தினமும் போகட்டும்: தூரத்தில் இருப்பவரோடு சேர்ந்து வீடியோ எடிட் செய்ய

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து. இரவு மத்தளம் ஒலிக்கத் தொடங்கினால் விடியும்வரை களரி ஓயாது. இரண்டு கமரா, ஒவ்வொன்றிலும் ஐந்து மணித்தியாலப் பதிவு. படம் பிடித்த நான் கல்லடியில் இருக்கிறேன். வெட்டித் தொகுக்கிற தம்பி அக்கரைப்பற்றில். படத்தின் நிறத்தைச் சீர்செய்கிற, அதாவது கலர் பார்க்கிற அண்ணன் ரொறன்ரோவில். மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து வேலை செய்தது ஒரு நாளும் இல்லை. ஆனாலும் இப்போது ஒழுங்காக வேலை முடிகிறது.

தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. முதல் தடவை புரொஜெக்ட் பைலை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். தம்பி திறந்து பார்த்துவிட்டு, "அண்ண, படம் ஒண்டையும் காணல்லயே" என்றான். வெட்டிய துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைன் முழுக்கச் சிவப்பு. அந்த இரண்டு நாளும் வீணாய்ப் போயின. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த இரண்டு நாளாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புரொஜெக்ட் பைலுக்குள் படம் இல்லை

கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் கையில் ஒரு கொப்பி இருக்கும். எந்த வேளையில் யார் வரவு, எந்தத் தருப் பாட்டுக்கு எந்த ஆட்டம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கூத்தர்கள் கொப்பிக்குள் இல்லை. புரொஜெக்ட் பைலும் அந்தக் கொப்பி மாதிரிதான். "இந்த டிரைவில், இந்தப் போல்டரில், இந்தப் பெயரில் உள்ள கிளிப்பை இத்தனையாவது பிரேமிலிருந்து இத்தனையாவது பிரேம்வரை எடு" என்ற குறிப்புகள்தான் அதில் உள்ளன. அதனால்தான் அது சில மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. கொப்பி போய்ச் சேர்ந்து கூத்தர் போகவில்லை என்றால் திரையில் சிவப்புத்தான் வரும்.

பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் இது தனிப் பைலாகவே கண்ணுக்குத் தெரியும். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் புரொஜெக்ட் ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கும். புரொஜெக்ட் மனேஜரில் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால்தான் வெளியே வரும். அதே இடத்தில் புரொஜெக்ட் ஆர்கைவ் என்றொரு தெரிவும் உண்டு. அது படங்களையும் சேர்த்து ஒரே போல்டராகக் கட்டித்தரும். வேலை முடிந்தபின் பத்திரப்படுத்த அது நல்லது. தினமும் அனுப்ப அது ஆகாது.

ஆகவே பாரமான படத்தை ஒரே ஒரு தடவை, நிதானமாக, சரிபார்த்து அனுப்புங்கள். பாரமில்லாத புரொஜெக்ட்டை ஒவ்வொரு நாளும் அனுப்புங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

கமராவைத் தொடும் முன்னர் பேசிக்கொள்ள வேண்டியவை

செக்கனுக்கு எத்தனை பிரேம் என்ற பிரேம் ரேட்டை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 25 பிரேமில், 1/50 ஷட்டரில் பிடித்தால் கோயில் வீதி டியூப் லைட்டுகள் படத்தில் துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். ஒருவர் 25இலும் இன்னொருவர் 30இலும் பிடித்தால் அதைச் சரிக்கட்டுகிற பாடு எடிட்டருடையது. கமராக்களின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள்.

போனில் பிடித்த காட்சிகள் சேரப்போகின்றன என்றால் கூடுதல் கவனம் வேண்டும். போன் பெரும்பாலும் மாறும் பிரேம் ரேட்டில் பதியும். நீண்ட பதிவில் உதடு ஓரிடம், சத்தம் ஓரிடம் என்று விலகிப்போகும். ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25 பிரேமுக்கு மாற்றிவிட்டு, மாற்றிய பைலையே எல்லோருக்கும் கொடுங்கள். ஒருவர் மாற்றியதும் மற்றவர் மாற்றாததுமாக இரண்டு பிரதிகள் உலாவக் கூடாது.

மென்பொருளின் பதிப்பு எண்ணையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் சேமித்த புரொஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது. பிரீமியரிலும் இதே கதை, ரிசால்விலும் இதே கதை. வேலை நடுவில் இருக்கும்போது யாரும் அப்டேட் செய்வதில்லை என்று முதல் நாளே பேசி முடியுங்கள்.

இரு வீட்டிலும் ஒரே போல்டர்

ஒரு தாய்ப் போல்டர். அதற்குள் படம், புரொக்ஸி (படத்தின் சிறிய பிரதி), ஓடியோ, பாட்டு, எழுத்துரு, அசையாப் படம், புரொஜெக்ட், வெளியீடு என்று தனித்தனிப் போல்டர்கள். வெறும் போல்டராகவே ஒரு மாதிரி செய்து வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் அதைப் பிரதி எடுங்கள். எல்லோர் கணினியிலும் அதே அமைப்பு, அதே பெயர். விண்டோஸில் வெளி டிஸ்குக்கு ஒரு டிரைவ் எழுத்தை நிலையாகக் கொடுக்கலாம். டிஸ்க் மனேஜ்மென்ட்டுக்குள் அந்த வசதி உண்டு. இரண்டு பேரிடமும் ஒரே எழுத்து இருந்தால் பெரும்பாலும் புரொஜெக்ட் திறந்த உடனேயே படங்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

அடிக்கடி காணாமல் போவது பாட்டுத்தான். யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டை டவுன்லோட்ஸ் போல்டரில் இருந்தே டைம்லைனுக்கு இழுத்துவிடுவோம். அந்தப் பைல் நம் கணினியில் மட்டும்தான் இருக்கும். எதையும் முதலில் தாய்ப் போல்டருக்குள் போட்டுவிட்டு, பிறகுதான் மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும். கலர் பார்ப்பவர் பயன்படுத்தும், நிறத்தை மாற்றும் குறிப்புகள் கொண்ட லட் (LUT) பைலுக்கும் இதே சட்டம்.

பைல் பெயர் விடயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் பெயர் வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் தமிழில் ஒகர, ஓகாரக் குறிகளை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு. பழைய மேக் டிஸ்க் அமைப்பு பெயரைப் பிரித்துச் சேமிக்கும், விண்டோஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். "கொக்கட்டிச்சோலை" என்று பெயர் வைத்த போல்டர் ஒரு மேக்கைச் சுற்றி வந்தபின், "அப்படி ஒன்று இல்லை" என்று மென்பொருள் சொல்லலாம். அதனால் பைல் பெயரில் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். திகதி, கமரா, கார்டு எண் என்ற வரிசையில் வையுங்கள். உதாரணமாக 20250614, பிறகு கமரா எழுத்து, பிறகு 02. திகதியை ஆண்டிலிருந்து தொடங்கினால் வரிசை குழம்பாது.

கார்டிலிருந்து டிஸ்குக்கு

கார்டில் உள்ள வீடியோவை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கார்டின் போல்டர் அமைப்பு முழுவதையும் அப்படியே பிரதி செய்யுங்கள். பல கமராக்கள் ஒவ்வொரு கார்டிலும் எண்ணை முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஒரு கார்டுக்கு ஒரு போல்டர். கலந்துவிட்டால் ஒரே பெயரில் இரண்டு கிளிப்கள் நின்று, எடிட்டரின் டைம்லைனில் தவறான ஆள் ஆடுவார்.

இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, பைல் எண்ணிக்கையும் மொத்த பைட் கணக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, இடையிடையே சில கிளிப்களை ஓட்டிப் பார்த்தபிறகுதான் கார்டை அழிக்கலாம். டெராகொப்பி போன்ற மென்பொருள் பிரதியை மூலத்தோடு தானே ஒப்பிட்டுச் சொல்லும். மேக்கும் விண்டோஸும் கலந்த குழு என்றால் டிஸ்கை எக்ஸ்பாட் முறையில் போர்மற் செய்யுங்கள். என்டிஎப்எஸ் டிஸ்கில் மேக் வாசிக்கும், எழுதாது. பழைய பாட் 32 முறையில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பைல் ஏறாது.

புரொக்ஸி: கூத்து முழுவதும் ஒரே இரவில்

கணக்கைப் பாருங்கள். கமரா செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட். இரண்டு கமரா, ஐந்து மணித்தியாலம் என்றால் 450 கிகாபைட். உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் 10 மெகாபிட் என்றால் இதை ஏற்ற 100 மணித்தியாலம், அதாவது நான்கு நாளுக்கு மேல். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறக்கும் வேகம். நமக்கு வேண்டியது ஏற்றும் வேகம். அதைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

இப்போது அதே படத்தை 720 அளவில், செக்கனுக்கு 5 மெகாபிட்டில் சிறிய பிரதியாக மாற்றுங்கள். இதுதான் புரொக்ஸி. 450 கிகாபைட் 22.5 ஆகச் சுருங்கும். ஏற்ற ஐந்து மணித்தியாலம். இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். சில இணையப் பக்கேஜ்களில் இரவுக்கென்று தனி டேட்டாவும் கிடைக்கிறது, உங்களுடையதைப் பாருங்கள். பழைய லப்டொப்பில் வேலை செய்கிற தம்பிக்கும் புரொக்ஸி பெரிய ஆறுதல். 4கே படம் திக்கித் திக்கி ஓடும் கணினியில் இது வழுக்கிக்கொண்டு ஓடும்.

செய்முறை இதுதான். ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்களைத் தெரிந்து, வலது கிளிக் செய்து, ஜெனரேட் புரொக்ஸி மீடியா கொடுங்கள். பிரீமியரில் புரொஜெக்ட் பனலில் கிளிப்களைத் தெரிந்து, புரொக்ஸி மெனுவில் கிரியேட் புரொக்ஸீஸ். பெயர், பிரேம் ரேட், டைம்கோட் (ஒவ்வொரு பிரேமுக்கும் உரிய நேரக்குறி), ஓடியோ சனல்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் மூலப் படத்தோடு பொருந்த வேண்டும். படத்தின் அளவும் தரமும் மட்டும்தான் குறையலாம். நான்கில் ஒன்று பிசகினாலும் பிறகு மூலப் படத்தோடு ஒட்டும்போது வெட்டுகள் இடம் மாறும், அல்லது ஒட்டவே ஒட்டாது.

முதல் தடவை முழுப் படத்துக்கும் புரொக்ஸி போடாதீர்கள். இரண்டு கிளிப்புக்குப் போட்டு, அனுப்பி, அங்கே திறந்து, நாலு வெட்டு வெட்டி, புரொஜெக்ட்டைத் திருப்பி வாங்கி, உங்கள் மூலப் படத்தில் அதே வெட்டுகள் அதே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். அரை மணித்தியால வேலை. இதைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் பிறகு இரவு முழுக்க வேலை இருக்கும்.

எந்த வழியில் அனுப்புவது

மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் என்றால், மூலப் படத்துக்கு நான் சொல்வது பஸ்தான். டிஸ்கை நன்றாகப் பொதி செய்து தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டால் அன்று பின்னேரமே கிடைக்கும். 450 கிகாபைட்டை இந்த நேரத்தில் கொண்டுபோகும் இணைப்பு நம்மில் பலரிடம் இல்லை. ஒன்று மட்டும் முக்கியம். பஸ்ஸில் போவது ஒரு பிரதிதான். இன்னொரு முழுப் பிரதி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

ரொறன்ரோவுக்கு பஸ் இல்லை. கூகுள் டிரைவில் இலவசமாக 15 கிகாபைட் கிடைக்கும், அதிலும் ஜிமெயிலும் போட்டோவும் பங்குபோடும். புரொஜெக்ட் பைல், பாட்டு, சிறு புரொக்ஸிகளுக்கு அது போதும். பிரவுசர் வழியாகப் பெரிய பைலை ஏற்றாமல், கணினியில் நிறுவும் டிரைவ் செயலியைப் பயன்படுத்துங்கள். மாரி மழைக்குக் கரண்ட் போய் வந்தாலும் அது தானே மீண்டும் தொடங்கும்.

பணம் கட்டாமல் பெரிய அளவு அனுப்ப சின்க்திங் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பிடமும் இல்லை. உங்கள் கணினியில் உள்ள போல்டரும் அவர் கணினியில் உள்ள போல்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். பைல் போக வேண்டுமானால் இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும், அவ்வளவுதான். படம், புரொக்ஸி போல்டர்களை அதில் விடுங்கள். மென்பொருளின் தற்காலிகப் பைல்கள் சேரும் கேஷ் போல்டரையும் ரிசால்வின் தரவுத்தளப் போல்டரையும் எந்த ஒத்திசைவுச் சேவையிலும் விடாதீர்கள். திறந்திருக்கும் தரவுத்தளத்தை இரண்டு பக்கமிருந்தும் எழுதினால் புரொஜெக்ட்டே சிதையும்.

ஸிப் செய்தால் வீடியோ சுருங்காது, அது ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். துண்டு துண்டாக அனுப்ப வேண்டும் என்றால் மட்டும் 7-ஸிப்பில் சுருக்கமில்லாமல் பகுதிகளாக்குங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும். டொக்யுமென்ட்டாக அனுப்பினால் 2 கிகாபைட் வரை அப்படியே போகும்.

தமிழ் எழுத்து

நம் ஊரில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் இன்னும் நிறையப் பேர். பாமினியில் அடித்த தலைப்பு உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகம் கழன்று ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் அந்தக் குவியலில் அண்ணாவியாரின் பெயர் எது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? முப்பது வருடம் ஆடிய ஒருவரின் பெயர் எழுத்துப் பிழையோடு திரையில் வந்தால் அது சிறிய தவறு இல்லை.

ஆகவே யூனிகோட்டில் அடியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை எடுத்து, அந்தப் பைலையே தாய்ப் போல்டரில் வையுங்கள். லதா எழுத்துரு பழைய விண்டோஸோடு வந்தது, புதிய விண்டோஸிலோ மேக்கிலோ இருக்கும் என்று நம்ப முடியாது. பிரீமியரில் கிரபிக்ஸ் விருப்பத்தேர்வுகளுக்குள் தெற்காசிய எழுத்துகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தெரிவு செய்யாவிட்டால் எகர, ஒகரக் குறிகள் இடம் மாறி நிற்கலாம். எந்த மென்பொருள் என்றாலும் "கொ", "கெ", "கை" வரும் ஒரு சொல்லை அடித்துச் சோதியுங்கள். இறுதிப் பெயர்ப் பட்டியலை நான் பின்புலமில்லாத பிஎன்ஜி படமாகவே கொடுத்துவிடுகிறேன். எழுத்துருவே தேவைப்படாது, யார் திறந்தாலும் ஒரே மாதிரி வரும்.

யார் கையில் புரொஜெக்ட்?

தொழில்நுட்பத்தை விட இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஒரே புரொஜெக்ட்டை இரண்டு பேர் ஒரே இரவில் திறந்து, இருவரும் வெட்டினால், காலையில் இரண்டு படம் இருக்கும். அவற்றை ஒன்றாக்கும் பட்டன் கிடையாது.

ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் புரொஜெக்ட். முடித்தவர் எக்ஸ்போர்ட் செய்து, பெயரில் எண்ணையும் தன் பெயரின் முதலெழுத்தையும் போட்டு, பகிர்ந்த போல்டரில் வைத்து, குழுவில் ஒரு செய்தி போட வேண்டும். "14ஆம் எண் வைத்திருக்கிறேன், இரண்டாம் வரவு வரை வெட்டியாயிற்று, இனித் தம்பி எடுக்கலாம்." தம்பி "எடுத்துவிட்டேன்" என்று பதில் போட்டபிறகு நான் தொட மாட்டேன். பழைய எண்ணை யாரும் அழிக்கவோ அதன்மேல் சேமிக்கவோ கூடாது. "இறுதி", "இறுதியிலும் இறுதி" என்ற பெயர்கள் வேண்டாம், எண் போதும்.

நேர வித்தியாசம் இதற்கு உதவியாகவே இருக்கிறது. ரொறன்ரோ நமக்குக் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால். நாங்கள் இரவு உணவு முடித்துப் புரொஜெக்ட்டை வைக்கும்போது அண்ணனுக்குக் காலை.

ஒரே நேரத்தில் பலர் திறக்கும் வழிகளும் உண்டு. ரிசால்வில் 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து பிளக்மஜிக் கிளவுட் உண்டு, மாதக் கட்டணம் கட்ட வேண்டும். பிரீமியரில் டீம் புரொஜெக்ட்ஸ். இணைப்பு நிலையாக இருக்கும் இடத்தில் அவை நல்லவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு வேலையைக் கைமாற்றும் முறையிலேயே செய்து பழகுங்கள் என்பது என் கருத்து.

கலருக்குப் போகும் நாள்

5 மெகாபிட் புரொக்ஸியில் கலர் பார்க்க முடியாது. வெட்டு உறுதியானபிறகு, பயன்படுத்திய துண்டுகளை மட்டும் மூலத் தரத்தில் அனுப்ப வேண்டும். ரிசால்வில் மீடியா மனேஜ்மென்ட், பிரீமியரில் புரொஜெக்ட் மனேஜர். ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் 25 பிரேம், அதாவது ஒரு செக்கன் மிச்சம் விடுங்கள். நாற்பது நிமிடப் படத்துக்குச் சுமார் 30 கிகாபைட்டும் கொஞ்சமும் வரும், ஓர் இரவில் போய்விடும். கமரா போர்மற்றைப் பொறுத்துச் சில கிளிப்களை மென்பொருள் வெட்டாமல் முழுதாகவே பிரதி செய்யும். அனுப்பும் முன் மொத்த அளவைப் பாருங்கள்.

நீங்கள் பிரீமியர், அவர் ரிசால்வ் என்றால் டைம்லைனை எக்ஸ்எம்எல் பைலாகக் கொடுக்கலாம். வெட்டுகள் போகும். தலைப்புகளும் பல எபெக்டுகளும் போகாது. அதனால் கூடவே சிறிய அளவில் முழுப் படத்தையும் எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள். அவர் அதைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வெட்டையும் ஒப்பிடுவார்.

வேலை தந்த வீட்டாருக்குக் காட்டும்போது

படத்தின் மேல் ஓடும் நேரக்குறியைப் பதித்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ரிசால்வில் டேட்டா பேர்ன்-இன், பிரீமியரில் டைம்கோட் எபெக்ட். "அந்த அம்மா சிரிக்கிற இடம்" என்று வட்ஸ்அப்பில் வொய்ஸ் வராமல் "12 நிமிடம் 40 செக்கன்" என்று வரும்.

லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று பகிராமல், மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதியைப் பெண்களே பிடித்து, பெண்களே எடிட் செய்ய வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கார்டு பொதுப் போல்டருக்குள் வரவே கூடாது. அதைத் தொடும் சகோதரிக்கு மட்டும் தனிப் போல்டர், தனி அனுமதி. கோயில் சடங்குகளில் எதைப் பிடிக்கலாம் என்று கேட்டீர்களோ, எதைப் பகிரலாம் என்றும் அதே வேளையில் கேளுங்கள்.

எல்லாம் முடிந்தபின்

இறுதி எக்ஸ்போர்ட்டில் புரொக்ஸியைப் பயன்படுத்து என்ற தெரிவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுப் படத்தையும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தபிறகே வீட்டாரிடம் கொடுங்கள். புரொக்ஸிகளையும் கேஷையும் அழித்துவிடலாம். மூலப் படம், புரொஜெக்ட்டின் கடைசிச் சில எண்கள், பாட்டு, எழுத்துரு, இறுதி வெளியீடு ஆகியவற்றை மூன்று பிரதிகளாக வையுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில் இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகளோடு அல்பங்களும் போனதைக் கண்டவர்கள் நாங்கள். என்னுடைய மூன்றாவது டிஸ்க் கடற்கரையிலிருந்து தள்ளி, படுவான்கரையில் உறவினர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. உப்புக் காற்று படாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன். மேலே டேப் ஒட்டி, கூத்தின் பெயர், திகதி, மென்பொருளின் பதிப்பு எண் மூன்றையும் பேனையால் எழுதியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, கணினியில் செருகி, இரண்டு கிளிப்பை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன்.